சிவப்புப் பேஸ்ட்

அண்ணி காரை ஓட்டிக்கொண்டு வரவில்லை, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரச் செய்தார். அவர் வீட்டிலிருந்து என் பட்டறைக்கு மொத்தமே ஒன்றேகால் கிலோமீட்டர். பக்கத்து லேத்துக்காரரின் சின்ன வேன் முன்னால் முக்கிக்கொண்டு வர, அண்ணனின் சாம்பல் நிறக் கார் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை மாதிரிப் பின்னால் வந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே அண்ணி. லைசென்ஸ் எடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அது பீரோவில் இருந்தது. கார் அண்ணனிடம் இருந்தது.

"ஓட்டிட்டே வந்திருக்கலாமே அண்ணி. அஞ்சு நிமிஷம்தானே."

"சிவப்பு லைட்டு எரியுது தம்பி. அது எரிஞ்சா பத்தடி கூட எடுக்கக் கூடாதுன்னு சொல்லுவாரு. நேத்து எடுத்துப் பார்த்தேன். ஸ்டார்ட் பண்ணா அணைஞ்சுடுது. தெருமுனை தாண்டுனதும் மறுபடி எரியுது. நிறுத்திட்டேன். நாலு பேர் தள்ளிக் கொண்டாந்து விட்டாங்க."

சொல்லக்கூடியவன்தான். அண்ணனுக்கு நான் வைத்திருந்த பெயர் கையேடு. மிக்சி வாங்கினால் கூட வரும் சின்னப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்து முடித்த பிறகுதான் பிளக்கைச் சொருகுவான். காரில் சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எல்லா விளக்கும் எரியும் இல்லையா, அதில் சிவப்பாக ஒரு எண்ணெய்க் கெண்டி, மூக்கில் ஒரு சொட்டோடு. என்ஜின் பிடித்ததும் அது அணைய வேண்டும். அணையும்வரை ஆள்காட்டி விரலை அதற்கு நேராக நீட்டிக்கொண்டே இருப்பான், வகுப்பில் பேசியவனை எழுப்பி நிறுத்தும் வாத்தியார் போல. அணைந்த பிறகுதான் விரலை மடக்கி கியரைப் போடுவான். இதை நான் பட்டறையில் எத்தனை பேருக்கு நடித்துக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. அவன் எதிரிலேயே நடித்திருக்கிறேன். அவனும் சிரித்திருக்கிறான்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நெஞ்சில் ஏதோ பிடிக்கிற மாதிரி இருக்கிறது, வாயுவாக இருக்கும், டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே ஆபீஸ் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, போர்ட்டிகோவில் நின்றிருந்த காரைத் தாண்டி நடந்துபோய் பஸ் ஏறினான். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து தோளைத் தட்டியிருக்கிறார். ஜன்னலோர இருக்கை. டிக்கெட் கசங்காமல் விரலிடுக்கில் இருந்தது.

அன்றைக்குச் சாவு வீட்டில் நான் மூன்று ஜோக் சொன்னேன். இரண்டுக்கு ஆட்கள் சிரிக்கவும் செய்தார்கள். எனக்குப் பட்டறைத் தெருவில் பெயர் ஹாரன். தேவையில்லாத இடத்தில் அடிக்கிறவன் என்று அர்த்தம். அழுகை மட்டும் வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று பார்த்தேன். பேட்டரி போன வண்டியில் சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரே ஒரு சத்தம் வருமே, அவ்வளவுதான். சாப்பிட்டேன், தூங்கினேன், வண்டிகளுக்கு பிரேக் போட்டேன். ஒருநாள் ஒரு டாக்சிக்காரரிடம் முக்கால் மணிநேரம் கிரிக்கெட் பேசினேன். அவர் போன பிறகு யாரைப் பற்றிப் பேசினோம் என்பதே ஞாபகமில்லை.

கார் இருக்கும்போது அவன் ஏன் பஸ்ஸில் போனான் என்று யோசிக்கவும் இல்லை. ஆபீஸ் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அதனால் இருக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

இப்போது அண்ணி கயிற்றை அவிழ்க்க இடம்விட்டு நகர்ந்து நின்றுகொண்டு சொன்னார். "எனக்கு இது ஓடணும் தம்பி. பஸ்ல ஏற முடியல. ஏறுனா ஜன்னல் பக்கத்துல யாராவது தூங்கிட்டு இருக்காங்க. எழுப்பிப் பார்க்கத் தோணுது. ரெண்டு பேரை எழுப்பிட்டேன்."

அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வகப் பொறுப்பாளர். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். ஐந்து வாரமாகப் போக வர நடந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செருப்பைப் பார்த்தேன். இடது செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. வீல் அலைன்மென்ட் போயிருக்கு அண்ணி என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"சாயங்காலம் ஸ்கூல் விட்டு நேரா வர்றேன். பழசைக் காட்டுங்க."

பழசைக் காட்டுவது என் பட்டறையின் வழக்கம். எதை மாற்றினாலும், கழற்றிய பழசைப் புதுசு வந்த அதே பெட்டியில் போட்டு, வண்டிக்காரர் கையில் கொடுத்து, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். என் தொழிலில் பொய் சொல்வது சுலபம். வண்டிக்காரருக்கு உள்ளே எதுவும் தெரியாது. அதனால் பிடித்துக்கொண்ட பழக்கம். இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. என் கை பட்ட என்ஜின் ஒழுகாது. பலகையிலேயே எழுதி வைத்தேன்: 'ஆயில் ஒழுகலுக்கு முழு உத்தரவாதம்.' அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "ஒழுகும்னு உத்தரவாதம் குடுக்கறியாடா?" என்றான். பெயிண்டரைக் கூப்பிட்டு மாற்ற வேண்டும் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி போன பிறகு முதலில் அளவுக் கம்பியை உருவினேன். எண்ணெய் சரியான கோட்டில் இருந்தது. இரண்டு விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனை இல்லை, பிசுக்கு இருந்தது. எண்ணெய் மேல் குற்றமில்லை. அடுத்தது சுவிட்ச். என்ஜின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். உள்ளே எண்ணெய் அழுத்தம் குறைந்தால் அதுதான் மீட்டரில் விளக்கைப் போடும். அதை நான் ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை அண்ணன் வந்து, "பைபாஸ்ல பத்து நிமிஷம் ஓட்டுனதும் எரியுதுடா" என்றான். இங்கே ஸ்டார்ட் செய்தால் எரியவில்லை. "உனக்கு வண்டி மேல சந்தேகம், எனக்கு சுவிட்ச் மேல சந்தேகம்" என்று சொல்லி மாற்றினேன். மூன்று வாரத்தில் மறுபடி வந்தான். மறுபடி ஸ்டார்ட் செய்தேன், எரியவில்லை. மறுபடி சுவிட்சை மாற்றினேன். அவன் விரல் நீட்டுவதை அன்றைக்கு லேத்துக்காரர், டயர்க்காரர் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து நடித்தேன், விளக்கு பயந்துபோய் எழுந்து நிற்பது உட்பட. பயங்கரக் கைதட்டல். அதற்கப்புறம் ஐந்து மாதம் அண்ணன் விளக்கைப் பற்றிப் பேசவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

இந்த முறை சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தமானியின் குழாயைத் திருகினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. இருபது நிமிஷம். அதைச் செய்யாமல் இருக்க ஒரே காரணம், அந்தக் குழாயை மாட்டினால் கையில் எண்ணெய் வழியும். சுவிட்ச் மாற்றினால் இரண்டு சொட்டோடு முடிந்துவிடும்.

லேத்துக்காரர் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். அவர் அதிகம் பேச மாட்டார். அவர் பங்கையும் சேர்த்து நான் பேசுவதால்தான் எங்கள் நட்பு பதினெட்டு வருஷமாக ஓடுகிறது.

"பேரிங்கா?" என்றார்.

"பேரிங்காத்தான் இருக்கணும். இல்லேன்னா ஆயில் பம்பு."

"இருக்கணுமா?"

ஸ்டார்ட் செய்தேன். முள் நன்றாக எழுந்து நின்றது. எந்தக் குறையும் இல்லாத என்ஜின் மாதிரி. சூடாகட்டும் என்று விட்டேன். இதில் ஒரு விஷயம் உண்டு. உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால், என்ஜின் சூடாகி மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் விழும். ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் எழும். பம்பு தேய்ந்திருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் ஆக்சிலேட்டரைக் கொடுக்கக் கொடுக்க முள் இறங்கினால் கதை வேறு. பம்பு கேட்கிற எண்ணெய் அதற்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அது உறிஞ்சுகிற வாயை ஏதோ அடைத்திருக்கிறது. என்ஜினை நிறுத்தினால் அடைப்பில் கொஞ்சம் கீழே உதிர்ந்துவிடும். மறுபடி ஓட்டினால் மெல்ல மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பட்டறைக்கு வந்து ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் நல்ல பிள்ளையாக இருக்கும்.

பத்து நிமிஷம் கழித்து ஆக்சிலேட்டரைக் கொடுத்தேன். முள் கொஞ்சம் எழுந்தது. ஒரு விநாடி யோசித்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது. இன்னும் கொடுத்தேன். இன்னும் இறங்கியது. அணைத்தேன்.

லேத்துக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "பேரிங் இல்ல."

"பம்பா இருக்கலாம்."

"ஹாரன்."

"இருக்கலாம்யா. திறந்து பார்க்காம நீயே தீர்ப்பு சொல்லாத."

அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் அவர் கடையில் லேத் ஓடும் சத்தம் கேட்டது. வேலை எதுவும் இல்லாமல் வெறுமனே ஓட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். இரும்பு வெட்டுப்படும் சத்தம் வரவில்லை.

எண்ணெயை வடித்துவிட்டு, என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தட்டைக் கழற்றினேன். சேம்பர் என்போம். பதினாறு போல்ட். போல்ட் எல்லாம் வந்த பிறகும் சேம்பர் வரவில்லை. அவ்வளவு பலமாக ஒட்டியிருந்தது. உளி வைத்துத் தட்டிப் பிரிக்க வேண்டியிருந்தது. விளிம்பு முழுக்கச் சிவப்பாக வெளியே பிதுங்கி நின்றது பேஸ்ட்.

இரண்டு இரும்பு சேரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்கத் தடவுகிற பேஸ்ட் அது. தடவியதும் ரப்பராக இறுகிவிடும். அதில் கறுப்பு உண்டு, சாம்பல் உண்டு. எங்கள் தெருவில் சிவப்பு வாங்குகிறவன் நான் ஒருவன்தான். போன வருஷம் அண்ணன் வீட்டுப் போர்ட்டிகோவில் எண்ணெய் சொட்டியது. அவன் அட்டை விரித்து வைத்து, ஒவ்வொரு சொட்டைச் சுற்றியும் பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். "இனி உன் வீட்ல ஒரு சொட்டு விழுந்தா நான் தொழிலை விட்டுடறேன்" என்று சொல்லிச் சேம்பரைக் கழற்றி மாட்டினேன். புத்தகத்தில் மூன்று மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். அண்ணன் அதையும் படித்துவிட்டு வந்து சொன்னான். "புக்கு எழுதுனவன் வீட்டுல ஒழுகுதோ என்னவோ" என்று சொல்லி சுண்டுவிரல் தடிமனுக்குத் தடவினேன். ஒழுகவில்லை. என் கை. ஒரு சொட்டுகூட விழவில்லை.

அதிகமாகத் தடவினால் வெளியே பிதுங்கும். வெளியே எவ்வளவு பிதுங்குமோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்கியதைத்தான் நாம் துடைக்கிறோம்.

மல்லாந்து படுத்து விளக்கை மேலே அடித்தேன். பம்பின் வாயில் ஒரு வலை இருக்கும், எண்ணெய் வடிகட்டுகிற வலை. அதில் சிவப்புப் புழுக்கள் மாதிரிச் சின்னச் சின்னத் துண்டுகள் அப்பிக்கிடந்தன. சிலது அரிசி அளவு. ஒன்று மட்டும் நகத்துண்டு மாதிரி வளைந்து இருந்தது. சேம்பரின் அடியிலும் கொஞ்சம் கிடந்தன. வலையில் முக்கால்வாசி மூடியிருந்தது.

அப்படியே படுத்திருந்தேன். வடித்த பிறகும் மிச்சமிருந்த எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்து காதோரம் வழிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒன்றும் தோன்றவில்லை. எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று தோன்றியது.

பிறகு நான் செய்த காரியம் எந்த மெக்கானிக்கும் செய்ய மாட்டான். அடைப்பு கண்ணுக்கு எதிரே இருக்கும்போது பம்பைக் கழற்றினேன். மேசையில் சுத்தமான துணி விரித்து அதைப் பிரித்தேன். உள்ளே இரண்டு சக்கரங்கள். ஒன்றுக்குள் ஒன்று சுற்றும். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜிலிருந்து தகடு தகடாக எடுத்து நடுவில் விட்டுப் பார்த்தேன். தேய்ந்திருக்க வேண்டும் என்று விரும்பினேன். இவ்வளவு விருப்பத்தோடு நான் எதையும் அளந்ததில்லை. மெல்லிய தகடு போனது. அடுத்த தகடு போகவில்லை; தேய்ந்திருந்தால் போயிருக்கும். வால்வின் ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தேன். விறைப்பாகத் திருப்பி அழுத்தியது. சுவரில் கீறல் இல்லை. மூடி சமமாக இருக்கிறதா என்று இரும்புப் பட்டை வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன், ஒளி கசியவில்லை. இன்னும் பத்து வருஷம் உழைக்கிற பம்பு. பத்து விதமாகக் கேட்டும் அது எந்தத் தப்பையும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் கடைக்குப் போய்ப் புதுப் பம்பு வாங்கி வந்தேன். வலையும் புதுசு. எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, மாட்டினேன். பேஸ்ட் தடவும்போது அளவுகோலை எடுத்து வைத்துக்கொண்டேன். மூன்று மில்லிமீட்டர். பார்க்கப் பரிதாபமாக இருந்தது, தாங்குமா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு. பேஸ்ட் காயும்வரை காத்திருந்து எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, சூடாக்கி, ஆக்சிலேட்டரைக் கொடுத்தேன். முள் எழுந்தது. எழுந்துகொண்டே போனது.

பழைய பம்பைத் துடைத்து, புதுசு வந்த பெட்டியில் வைத்து மூடினேன். சிவப்புத் துண்டுகளை ஒரு சின்ன மருந்துப் பாட்டிலில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் எறியவில்லை என்று கேட்டால் தெரியாது.

அண்ணி நடந்துதான் வந்தார். நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பெட்டியைக் கொடுத்தேன்.

"பம்பு அண்ணி" என்றேன்.

அவர் அதைத் திறந்து பம்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆய்வகத்தில் பிள்ளைகள் உடைத்த கண்ணாடியைப் பார்த்துப் பழகிய கண். பிறகு என்னிடம் நீட்டினார்.

"எங்க கெட்டுப்போச்சு, காட்டுங்க."

விரலை நீட்டினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சக்கரத்தின் மேல் கொண்டுபோனேன், எடுத்தேன். மூடியின் மேல் கொண்டுபோனேன். முப்பது வருஷமாக யார் கேட்டாலும் யோசிக்காமல் போய் உட்காருகிற விரல் அது. ஈ மாதிரி அலைந்துகொண்டிருந்தது.

"இது நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்றேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். "இதுதான். போன வருஷம் ஒழுகுதுன்னு கொண்டு வந்தாரே, அப்ப நான் தடவுன பேஸ்ட். அதிகமாத் தடவிட்டேன். உள்ள பிஞ்சு விழுந்து அடைச்சிருக்கு. சுவிட்சு இல்ல. அவர் சொன்னது சரி."

பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். துண்டுகள் ஒரு பக்கமாகச் சரிந்தன.

"உங்க கையா?"

"என் கைதான்."

வெளியே லேத் நின்றுபோயிருந்தது. அண்ணி பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினார். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். யாராவது ஒருவருக்கு ஏதாவது வந்தால் நன்றாக இருக்கும்.

"அன்னிக்கு முன்னாடி ஒரு வாரமா மறுபடி எரியுதுன்னு சொல்லிட்டு இருந்தாரு" என்றார் அண்ணி. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "தம்பிகிட்ட சொல்லுங்களேன்னேன். வேணாம், சிரிப்பான்னாரு."

எனக்கு எதுவும் கேட்காத மாதிரி இருந்தது. கேட்டது.

"வண்டியில போயிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்னு தெரியல" என்றார். "டாக்டர்கிட்ட கேட்டேன். அவருக்கும் தெரியல." பிறகு, "மார்க்கர் இருக்கா?" என்றார்.

கொடுத்தேன். கைப்பையிலிருந்து ஒரு சின்ன ஒட்டுச்சீட்டை எடுத்தார்; ஆய்வகத்துக்காரர்கள் எப்போதும் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. பாட்டிலில் ஒட்டி, முழங்காலில் வைத்து, இரண்டு வரி எழுதினார். எழுதியதை ஊதிக் காயவைத்தார். என் பக்கம் காட்டவில்லை. எழுந்து காரில் ஏறி, டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, அண்ணன் வைத்திருந்த கையேட்டுக்கு மேல் அந்தப் பாட்டிலை நிற்கவைத்து மூடினார். பம்பை என் மேசையிலேயே விட்டுவிட்டார்.

சாவியைத் திருப்பினார். விளக்குகள் எரிந்தன. அண்ணியின் வலது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்தது. ஆள்காட்டி விரல் நீண்டது, அதே இடத்துக்கு, அதே மாதிரி. என்ஜின் பிடித்தது. விரல் மடங்கியது. என் வாய் அனிச்சையாகச் சிரிப்புக்குத் தயாராகி, பாதியில் நின்றது. அதை எப்படி மூடுவது என்று தெரியாமல் நின்றேன்.

கார் பட்டறை வாசல்வரை மெதுவாகப் போனது. ஒரு முறை குலுங்கியது; கிளட்ச் பழக வேண்டும். லேத்துக்காரர் தன் கடை வாசலில் வந்து நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வரலாம் என்று கையை அசைத்தார். வாசலில் கார் நின்றது. பின்னால் பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன. லேத்துக்காரர் மறுபடி கையை அசைத்தார். சாலையில் வண்டி எதுவும் வரவில்லை. அண்ணி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. விளக்கு இரண்டும் எரிந்துகொண்டே இருந்தன.